களக்காட்டு மண்டியின் பில் பக்கத்துக்கு டெஸ்ட் எழுதுவது எப்படி

களக்காட்டில் ஒரு வாழைத்தார் கமிஷன் மண்டிக்கு பில் போடும் வலைப்பக்கத்தை நான் பார்த்துக்கொள்கிறேன். பாளையங்கோட்டையில் வீட்டு மாடியில் உட்கார்ந்துதான் வேலை. பக்கத்தை முதலில் எழுதியவர் வேறொருவர். என் கைக்கு வந்தபோது அதில் டெஸ்ட் (நிரல் சரியாக ஓடுகிறதா என்று தானே சோதித்துச் சொல்லும் சிறு நிரல்) என்று ஒன்றும் இல்லை. இப்போது இருக்கிறது. இரண்டு பிள்ளைகள் என்னிடம் வேலை பழகுகிறார்கள். அவர்களுக்குச் சொல்லிக்கொடுப்பதைத்தான் இங்கே எழுதுகிறேன். ரியாக்ட், வியூ, வெறும் ஜாவாஸ்கிரிப்ட், எதில் எழுதுகிறவர்களுக்கும் இது உதவும்.

நிரலைப் பார்த்து டெஸ்ட் எழுதாதீர்கள். ‘இந்த ஃபங்ஷன் என்ன செய்கிறது’ என்று படித்து, அதையே திருப்பிச் சொல்லும் டெஸ்ட் எழுதினால், அதிலுள்ள தப்பும் சேர்ந்து உறுதியாகிவிடும். பக்கத்தை யார் திறக்கிறார், எந்த நேரத்தில், எந்த போனில், என்ன அமுக்குகிறார் என்பதிலிருந்து தொடங்குங்கள். எங்கள் பக்கத்தைக் கணக்குப்பிள்ளை விடியுமுன் நாலரை மணி வாக்கில் திறக்கிறார். கையில் சாதாரண ஆண்ட்ராய்டு போன். பெயர்களைத் தமிழில் தட்டுகிறார். தார் இறக்கும் அவசரத்தில் பொத்தானை அமுக்குகிறார். ஒன்றும் நடக்காத மாதிரி தெரிந்தால் மறுபடி அமுக்குகிறார். மலையடிவாரத் தோட்டங்களுக்குப் போனால் சிக்னல் விட்டுவிட்டுத்தான் கிடைக்கும். பிழைகள் வருவது இந்த இடங்களில்தான், அதனால் டெஸ்டும் இங்கேதான் வேண்டும்.

கருவிகளைப் பற்றி அதிகம் யோசிக்க வேண்டாம். டெஸ்டுகளை ஓட்ட, புது வேலை என்றால் விடெஸ்ட், ஏற்கெனவே ஜெஸ்ட் இருந்தால் ஜெஸ்ட். திரையைச் சோதிக்க டெஸ்டிங் லைப்ரரி. நிஜ பிரவுசரில் ஓட்டிப் பார்க்க பிளேரைட். இதற்கு மேல் தொடக்கத்தில் ஒன்றும் தேவையில்லை.

கணக்கைத் திரையிலிருந்து பிரியுங்கள்

பழைய பக்கத்தில் பொத்தானை அமுக்கியதும் ஓடும் ஒரே ஃபங்ஷன் எல்லாவற்றையும் செய்தது. பெட்டிகளிலிருந்து எண்களை எடுக்கும், பெருக்கும், கமிஷன் கழிக்கும், சர்வருக்கு அனுப்பும், திரையில் எழுதும். அப்படிப்பட்ட நிரலுக்கு டெஸ்ட் எழுதவே முடியாது. கமிஷன் சரியா என்று பார்க்கக்கூட ஒரு முழுப் பக்கத்தையும் ஒரு சர்வரையும் எழுப்ப வேண்டியிருக்கும்.

கணக்கு மட்டும் தனியாக ஒரு கோப்பில் இருக்கட்டும். அதற்குத் திரை தெரியக் கூடாது, சர்வர் தெரியக் கூடாது, இன்றைய தேதிகூடத் தெரியக் கூடாது. எண்களை வாங்கி எண்களைத் திருப்பித் தர வேண்டும், அவ்வளவுதான். பிறகு ஒரு நிஜ பில்லை எடுத்துக்கொள்ளுங்கள். ஏத்தன் வாழை 50 தார், எடை 612.4 கிலோ, கிலோ 27 ரூபாய் 50 பைசா. மொத்தம் 16,841 ரூபாய். 10 சதவீதக் கமிஷன் 1,684 ரூபாய் 10 பைசா. இறக்குக்கூலி தாருக்கு 5 ரூபாய் வீதம் 250. விவசாயி ஏற்கெனவே வாங்கிய முன்பணம் 5,000. கைக்கு வர வேண்டியது 9,906 ரூபாய் 90 பைசா. இந்த எண்களைக் கால்குலேட்டரில் போட்டுப் பார்த்து டெஸ்டில் நேரடியாக எழுதுங்கள். எதிர்பார்க்கும் விடையை டெஸ்டுக்குள்ளேயே ஒரு சூத்திரம் போட்டுக் கணக்கிடாதீர்கள். அப்படிச் செய்தால் சூத்திரம் தப்பாக இருந்தாலும் இரண்டு பக்கமும் ஒத்துப்போய்விடும்.

பணத்தைப் பைசாவாகவும் எடையைக் கிராமாகவும் முழு எண்ணில் வைத்துக்கொள்ளுங்கள். ஜாவாஸ்கிரிப்டில் 0.1 உடன் 0.2ஐக் கூட்டினால் 0.30000000000000004 வரும். 19.99ஐ 100 ஆல் பெருக்கினால் 1998.9999999999998. எண்களை இரட்டைத் துல்லிய மிதவைப் புள்ளியாக வைக்கும் எல்லா மொழிகளிலும் இப்படித்தான். பெட்டியிலிருந்து வாங்கும் இடத்தில் ஒருமுறை முழுமையாக்கி, அதன்பிறகு முழு எண்களிலேயே நடந்தால் பாதித் தொல்லை போய்விடும்.

வாங்கும் இடத்தை மட்டும் தனியாகக் கவனியுங்கள். முன்பணப் பெட்டியில் கணக்குப்பிள்ளை 5,000 என்று காற்புள்ளி போட்டுத்தான் தட்டுவார். கையால் கணக்கெழுதிப் பழகியவர்கள் எல்லாரும் அப்படித்தான். ஜாவாஸ்கிரிப்டின் பார்ஸ்-ஃப்ளோட் அதைப் படித்தால் கிடைப்பது 5. ஐந்து ரூபாய். எச்சரிக்கை எதுவும் வராது. பெட்டி காலியாக இருந்தால் நம்பர் என்ற ஃபங்ஷன் 0 தரும், அதற்கும் சத்தம் இல்லை. எடையை மறந்துவிட்டுப் பில் போட்டால் பூஜ்யம் ரூபாய்க்குப் பில் வந்துவிடும். எனவே எண்ணைப் படிக்கும் ஃபங்ஷனுக்குத்தான் மற்ற எல்லாவற்றையும்விட அதிகமான டெஸ்டுகள் எங்களிடம் இருக்கின்றன: காற்புள்ளியோடு, முன்னும் பின்னும் இடைவெளியோடு, காலியாக, இரண்டு புள்ளிகளோடு, கழித்தல் குறியோடு, ஒட்டினால் கூடவே வரும் ரூபாய்க் குறியோடு. விடெஸ்டில் ஒரே டெஸ்டுக்கு ஒரு பட்டியலைக் கொடுத்து ஒவ்வொரு வரியாக ஓட்டும் வசதி உண்டு. அதை இங்கே தாராளமாகப் பயன்படுத்துங்கள்.

டெஸ்டின் பெயரைத் தமிழில் வையுங்கள். அது மேற்கோளுக்குள் இருக்கும் வெறும் எழுத்துதான், எந்த மொழியிலும் ஓடும். “முன்பணத்தில் காற்புள்ளி இருந்தாலும் ஐயாயிரம் ஐயாயிரமாகவே கழியும்” என்று பெயர் இருந்தால், டெஸ்ட் தோற்றுச் சிவப்பாகும்போது என்ன கெட்டுப்போயிற்று என்று நிரலைத் திறக்காமலே தெரியும். மண்டி அண்ணாச்சிக்கு அந்தப் பட்டியலை வாசித்துக் காட்டி, “இதுதானே நீங்க கேட்டது?” என்றும் கேட்க முடியும். நான் கேட்கிறேன். சில வரிகளை அவர் திருத்தியும் இருக்கிறார்.

விடியுமுன் போட்ட பில் எந்தத் தேதிக்கு?

“ஏம்மா, காலைல போட்ட பில்லு பூரா நேத்து தேதியில நிக்குது, ஆனா எட்டு மணிக்கு மேல போட்டது சரியா இருக்கு.” பழைய பக்கத்தைப் பற்றி அண்ணாச்சி என்னிடம் சொன்ன முதல் புகார் இது. நிரலைத் திறக்காமலே காரணத்தை ஊகிக்கலாம். தேதியை எடுக்க டு-ஐஎஸ்ஓ-ஸ்ட்ரிங் என்பதைக் கூப்பிட்டு, முதல் பத்து எழுத்துகளை வெட்டி எடுத்திருப்பார்கள். அது தருவது யுடிசி என்னும் உலகப் பொது நேரம். நம் நேரம் அதைவிட ஐந்தரை மணி நேரம் முந்தியது. நமக்குக் காலை 5.30 ஆகும்போதுதான் யுடிசியில் நள்ளிரவு தாண்டும். அதற்கு முன் போட்ட பில் எல்லாமே நேற்றைய தேதிக்குப் போய்விடும். பகலில் உட்கார்ந்து நிரல் எழுதுகிறவர்கள் கண்ணில் இது படவே படாது.

இந்த மாதிரிப் பிழைக்கு டெஸ்ட் எழுத இரண்டு வழி உண்டு. முதலாவதும் நல்லதும்: ‘இப்போது’ என்பதை ஃபங்ஷனுக்கு உள்ளே எடுக்காமல் வெளியிலிருந்து கொடுப்பது. தேதி கண்டுபிடிக்கும் ஃபங்ஷன் ஒரு நேரத்தை வாங்கிக்கொண்டு தேதியைத் திருப்பித் தரட்டும். டெஸ்டில் காலை 4.45ஐக் கொடுங்கள், அதாவது யுடிசியில் முந்தின நாள் இரவு 11.15. இன்றைய தேதி வர வேண்டும். அப்புறம் 5.29, 5.30, இரவு 11.59, நள்ளிரவு 12.00 ஆகியவற்றையும் கொடுங்கள். டிசம்பர் 31 இரவையும் ஒரு தடவை.

இரண்டாவது வழி, கடிகாரத்தையே மாற்றுவது. விடெஸ்டில் கணினி நேரத்தைக் குறிப்பிட்ட நேரத்துக்கு நிறுத்தி வைக்கலாம். போலி டைமர்களை இயக்காமல் நேரத்தை மட்டும் மாற்றினால் தேதி மட்டும்தான் மாறும், சிறிது நேரம் கழித்து ஓடச் சொல்லும் செட்-டைம்அவுட் போன்றவை வழக்கம்போல ஓடும். முழுத் திரையைச் சோதிக்கும்போது எனக்கு இதுதான் வசதி. போலி டைமர்களையும் இயக்கினால், அமுக்குவதையும் தட்டுவதையும் நடித்துக் காட்டும் யூசர்-ஈவென்ட் கருவிக்கு நேரத்தை எப்படி நகர்த்துவது என்று சொல்லிக்கொடுக்க வேண்டும். இல்லாவிட்டால் ‘அமுக்கு’ என்று சொன்ன இடத்திலேயே டெஸ்ட் அசையாமல் நின்றுவிடும். புதிதாகக் கற்பவர்கள் நிறையப் பேர் இங்கேதான் மாட்டிக்கொள்கிறார்கள்.

சரி, திருத்தம் என்ன? போன் எந்த நேர மண்டலத்தில் இருந்தாலும் மண்டியின் தேதி இந்தியத் தேதிதான். மொழிக்கும் நாட்டுக்கும் ஏற்பத் தேதி, எண், வரிசை ஆகியவற்றைக் கையாள ஜாவாஸ்கிரிப்டில் இருக்கும் இன்ட்ல் வசதியின் டேட்-டைம்-ஃபார்மட்டுக்கு ஏசியா/கொல்கத்தா என்ற நேர மண்டலத்தைக் கொடுத்து, நாள், மாதம், ஆண்டைத் தனித்தனித் துண்டுகளாக வாங்கிச் சேர்த்துக்கொள்ளுங்கள். டெஸ்டை ஓட்டும் இயந்திரத்தின் நேரம் நம் நேரமாக இருக்காது என்பதையும் நினைவில் வையுங்கள். கிட்ஹப் ஆக்ஷன்ஸ் இயந்திரங்கள் யுடிசியில் ஓடுபவை. நான் தேதி சம்பந்தப்பட்ட டெஸ்டுகளை டிஇசட் என்ற சூழல் மாறியை மாற்றி இரண்டு தடவை ஓட்டுகிறேன், ஒன்று யுடிசியில், ஒன்று இந்திய நேரத்தில். இரண்டிலும் ஒரே விடை வந்தால்தான் நிம்மதி.

தமிழ் எழுத்துக்கான டெஸ்டுகள்

ஆங்கிலத்தில் எழுதப்பட்ட வழிகாட்டிகளில் இந்தப் பகுதி பெரும்பாலும் கிடைப்பதில்லை, அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

ஊர்ப் பெட்டிக்கு யாரோ மேக்ஸ்-லெங்த் (அதிகபட்ச நீளம்) 15 என்று வைத்திருந்தார்கள். ஆங்கிலத்தில் 15 எழுத்து தாராளம். கல்லிடைக்குறிச்சி என்று தட்டினால் கல்லிடைக்குறிச் என்பதோடு பெட்டி நின்றுவிடும். நம் கண்ணுக்கு அது 9 எழுத்து, பிரவுசருக்கு 17. புள்ளியும் துணையெழுத்துகளும் தனித்தனி அலகாக எண்ணப்படுவதால் இப்படி. அம்பாசமுத்திரமும் 9 எழுத்துதான், அலகுக் கணக்கில் சரியாக 15, அதனால் தப்பித்துவிடும். அம்பாசமுத்திரத்தை மட்டும் வைத்துச் சோதித்தவருக்கு எல்லாம் சரியாக இருப்பதாகத்தான் தோன்றும். எழுத்துகளை எண்ண வேண்டிய இடத்தில் இன்ட்ல் செக்மென்டரைப் பயன்படுத்துங்கள். இப்போது எல்லா முக்கிய பிரவுசர்களிலும் இருக்கிறது. டெஸ்டில் இந்த இரண்டு ஊர்களையும் போடுங்கள்.

பெயர்ப் பெட்டியின் விதி அடுத்தது. ஆங்கில எழுத்துகளை மட்டும் அனுமதிக்கும் விதியை யாரும் உடனே கண்டுபிடித்துவிடுவார்கள். அதைத் திருத்துகிறவர்கள் ‘எந்த மொழி எழுத்தானாலும் சரி’ என்ற யூனிகோட் வகையைப் போடுவார்கள். அதுவும் போதாது. யூனிகோடில் க, ம போன்றவை எழுத்து வகை. புள்ளியும் துணையெழுத்துகளும் குறி வகை. எழுத்து வகையை மட்டும் அனுமதித்தால் முருகன் என்ற பெயர் ‘மு’ என்ற முதல் எழுத்திலேயே தள்ளுபடி. குறி வகையையும் சேர்க்க வேண்டும். அத்தோடு முற்றுப்புள்ளியும் இடைவெளியும், ஏனென்றால் நம் பெயர்கள் இனிஷியலோடு வருபவை. குடும்பப் பெயர் என்று இரண்டாவது பெட்டி வைத்து அதைக் கட்டாயமாக்கினால் எங்கள் விவசாயிகளில் பெரும்பாலோருக்கு அதில் போட ஒன்றுமில்லை. டெஸ்டுக்கான பெயர்களில் ஒற்றைப் பெயர், முன்னால் இனிஷியல், பின்னால் இனிஷியல், இரண்டு இனிஷியல் என்று நான்கு வகையும் இருக்கட்டும்.

தேடல் இன்னும் நுட்பமானது. ‘கொ’ என்ற எழுத்தை ஒரே குறியான ஒகரத் துணையெழுத்தாலும் எழுதலாம், ஒற்றைக் கொம்பும் காலும் தனித்தனியாகப் போட்டும் எழுதலாம். திரையில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். ஆனால் சமமா என்று கேட்டால் இல்லை என்று பிரவுசர் சொல்லும். பழைய எக்செல் கோப்பிலிருந்து ஏற்றிய பெயர் ஒரு வகையாகவும், போனில் தட்டிய பெயர் வேறு வகையாகவும் இருந்தால் தேடலில் ஆள் கிடைக்க மாட்டார். சேமிக்கும்போதும் தேடும்போதும் நார்மலைஸ் என்ற ஃபங்ஷனை என்எஃப்சி என்ற சேர்த்தெழுதும் வடிவத்தில் ஓட்டினால் இது தீரும். டெஸ்ட் எழுதும்போது ஒரு கவனம் தேவை: இரண்டு வடிவங்களையும் எடிட்டரில் நேரே தட்டாதீர்கள். அடுத்து வருகிறவர் அவற்றை நகலெடுத்து ஒட்டும்போது ஒன்றாகிவிடலாம், கண்ணால் பார்த்து யாராலும் சொல்ல முடியாது. யூனிகோட் எண்களாகவே எழுதுங்கள்.

ஔகாரம் மட்டும் இதற்கும் கட்டுப்படாது. ‘கௌரி’ என்பதில் உள்ள ஔகாரக் குறிக்குப் பதிலாக ஒற்றைக் கொம்பையும் ‘ள’ என்ற எழுத்தையும் தட்டுகிறவர்கள் உண்டு. பார்வைக்கு ஏறக்குறைய ஒன்றுதான். யூனிகோட் கணக்கில் அது வேறு எழுத்துக்கோவை, நார்மலைஸ் அதைத் தொடாது. தேடலுக்கென்று நாங்கள் தனியாக ஒரு விதி எழுதி அதற்கு டெஸ்டும் வைத்திருக்கிறோம். ஆனால் அந்த விதியைக் கண்ணை மூடிக்கொண்டு எல்லாச் சொற்களுக்கும் போடக் கூடாது. ‘தெளிவு’ என்பதில் வரும் ‘ெள’ உண்மையிலேயே கொம்பும் ளகரமும்தான். அதனால் “தெளிவு மாறக் கூடாது” என்பதும் ஒரு டெஸ்ட்.

வரிசைப்படுத்துதலைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். சாதாரண சார்ட் யூனிகோட் எண் வரிசையில் அடுக்கும், அதில் னகரம் நகரத்துக்கு அடுத்தே வந்துவிடும். நம் அகரவரிசையில் னகரம் கடைசி. எனவே மாவடி முன்னாலும் மானூர் பின்னாலும் வர வேண்டும். சார்ட் அதைத் தலைகீழாக்கும். தமிழுக்கான இன்ட்ல் கொலேட்டரைக் கொடுத்தால் சரியாகிவிடும். இந்த இரண்டு ஊர்களே டெஸ்டுக்குப் போதும்.

அப்புறம் தட்டும் விதம். ஆண்ட்ராய்டில் தமிழ் விசைப்பலகையில் ஒரு சொல் உருவாகிக்கொண்டிருக்கும்போது விசை அமுங்கும்போது எழும் கீ-டவுன் நிகழ்வில் எந்த எழுத்து என்ற உருப்படியான தகவல் பெரும்பாலும் வராது, 229 என்ற எண்தான் வரும். கீ-டவுனை நம்பி எழுதிய வடிகட்டிகள் எல்லாம் இங்கே தோற்கும். பெட்டியில் எழுத்து மாறும்போது எழும் இன்புட் நிகழ்வைக் கவனியுங்கள். இதைச் சோதிக்க பிளேரைட்டில் இன்சர்ட்-டெக்ஸ்ட் என்ற வழி இருக்கிறது. அது கீ-டவுன், கீ-அப் எதையும் எழுப்பாமல் இன்புட் நிகழ்வை மட்டும் எழுப்பும். உங்கள் தேடல் பெட்டி அதற்கும் வேலை செய்தால் தமிழில் தட்டுகிறவருக்கும் பெரும்பாலும் வேலை செய்யும். பெரும்பாலும் என்றுதான் சொல்ல முடியும். ஒரு நிஜ போனில் ஒருமுறையாவது தட்டிப் பாருங்கள்.

முகவரியில் ஒன்று. 627 என்று தொடங்கும் பின்கோடைப் பார்த்ததும் மாவட்டம் திருநெல்வேலி என்று தானாக நிரப்பும் நிரல் இன்னும் நிறைய இருக்கிறது. 2019 நவம்பர் 22 முதல் தென்காசி தனி மாவட்டம். அம்பாசமுத்திரம் 627401, தென்காசி 627811. முதல் மூன்று இலக்கமும் ஒன்று, மாவட்டம் வேறு. எங்களிடம் இரண்டு ஊருக்கும் ஒவ்வொரு டெஸ்ட் இருக்கிறது.

திரையை அமுக்கிப் பார்ப்பது

டெஸ்டிங் லைப்ரரியில் ஒரு பொத்தானைத் தேடப் பல வழிகள் உண்டு. கிளாஸ் பெயரை வைத்துத் தேடாதீர்கள், யாராவது நிறத்தை மாற்றினால்கூட டெஸ்ட் உடையும். ‘பில் போடு’ என்ற பெயருள்ள பொத்தான் என்று, அதன் வேலையையும் பெயரையும் சொல்லித் தேடுங்கள். பெட்டியை அதன் லேபிளை வைத்துத் தேடுங்கள். இதில் இன்னொரு நன்மையும் சேர்ந்து வருகிறது. டிவ் என்ற வெறும் கட்டத்துக்கு நிறம் அடித்துப் பொத்தான் மாதிரி வைத்திருந்தால் டெஸ்டால் அதைக் கண்டுபிடிக்க முடியாது; டாக்பேக் வைத்து போனைக் கேட்டுப் பயன்படுத்தும் பார்வையற்றவராலும் அது பொத்தான் என்று தெரிந்துகொள்ள முடியாது. டெஸ்ட் எழுதக் கஷ்டமாக இருக்கும் திரை பல நேரம் பயன்படுத்தவும் கஷ்டமாகத்தான் இருக்கிறது.

சர்வரைப் போலியாக வைக்க மாக் சர்வீஸ் வொர்க்கர் நல்ல கருவி. உங்கள் சொந்த ஃபங்ஷன்களை ஒவ்வொன்றாகப் போலியாக்காதீர்கள். எல்லாவற்றையும் போலியாக்கினால் கடைசியில் சோதிக்க நிஜம் எதுவும் மிஞ்சாது. இணையத்துக்குப் போகும் அந்த ஒரு எல்லையில் மட்டும் போலி இருக்கட்டும்.

இப்போது அந்த இரட்டை அமுக்கல். பதிலை உங்கள் கையில் பிடித்து வைத்துக்கொள்ளுங்கள். அதாவது போலி சர்வர் பிராமிஸ் என்ற, பிறகு தீரப்போகும் விடைக்காகக் காத்திருக்கட்டும், அதைத் தீர்ப்பது டெஸ்டின் கையில் இருக்கட்டும். ‘பில் போடு’ பொத்தானை அமுக்குங்கள். மறுபடி அமுக்குங்கள். இப்போது பிராமிஸைத் தீர்த்துவிடுங்கள். சர்வருக்குப் போன கோரிக்கை ஒன்றா இரண்டா என்று எண்ணுங்கள். ஒன்றுதான் இருக்க வேண்டும். காத்திருக்கும்போது திரையில் ‘பதிவாகிறது’ என்று தெரிகிறதா என்றும் பாருங்கள், அது தெரியாததால்தான் கணக்குப்பிள்ளை இரண்டாவது தடவை அமுக்கினார். திரையில் தடுத்தால் மட்டும் போதாது என்பதால், ஒரே பில் இரண்டாகப் பதியாமலிருக்க, ஒவ்வொரு பில்லுக்கும் தனி அடையாள எண் ஒன்றைத் திரையிலேயே உருவாக்கி அனுப்புகிறோம். சிக்னல் போய்த் திரும்ப அனுப்பும்போதும் அதே எண் போக வேண்டும். இதற்கும் டெஸ்ட் உண்டு: முதல் கோரிக்கை தோற்கட்டும், ‘மறுபடி அனுப்பு’ என்பதை அமுக்குங்கள், இரண்டிலும் அடையாள எண் ஒன்றுதானா என்று பாருங்கள். தோற்றபோது தட்டிய எடையும் பெயரும் பெட்டியில் அப்படியே இருக்கின்றனவா என்பதையும் அதே டெஸ்டில் பார்க்கலாம். ஐம்பது தார் எடையைத் திரும்பத் தட்டச் சொன்னால் அடுத்த நாள் அவர் நோட்டுப் புத்தகத்துக்குத் திரும்பிவிடுவார்.

தேடலிலும் இதே உத்தி. ‘கள’ என்று தட்டியதும் ஒரு கோரிக்கை, ‘களக்’ என்றதும் இன்னொன்று. இரண்டு பதில்களையும் கையில் பிடித்துக்கொண்டு, இரண்டாவதை முதலில் விடுங்கள், முதலாவதைப் பிறகு விடுங்கள். பட்டியலில் ‘களக்’ என்பதற்கான ஊர்கள்தான் நிற்க வேண்டும். சிக்னல் குறைந்த இடத்தில் இந்தப் பிழை தினமும் நடக்கும். அலுவலக வைஃபையில் நடக்கவே நடக்காது. அபார்ட்-கன்ட்ரோலரால் பழைய கோரிக்கையை ரத்து செய்யுங்கள்.

டெஸ்டில் ‘இரண்டு விநாடி காத்திரு’ என்று எழுதாதீர்கள். வேகமான இயந்திரத்தில் நேரம் வீண், மெதுவான இயந்திரத்தில் அது போதாமல் போகும். எது திரையில் வர வேண்டுமோ அது வரும்வரை காத்திரு என்று எழுதுங்கள். ஓட்டும்போது ஒரு தடவை பச்சை, ஒரு தடவை சிவப்பு என்று மாறிமாறி வரும் டெஸ்டை அன்றைக்கே சரிசெய்யுங்கள், அல்லது எடுத்துவிடுங்கள். ‘அது அப்படித்தான் வரும், மறுபடி ஓட்டு’ என்று ஒரு டெஸ்டைப் பற்றிச் சொல்லத் தொடங்கினால், பிறகு எந்தச் சிவப்பையும் யாரும் மதிக்க மாட்டார்கள்.

நிஜ பிரவுசர் எங்கே வேண்டும்

விடெஸ்டும் ஜெஸ்டும் திரை டெஸ்டுகளைப் பெரும்பாலும் ஜேஎஸ்டாம் என்ற போலித் திரையில் ஓட்டுகின்றன. அதற்கு அளவுகள் தெரியாது. ஒரு பொத்தானின் அகலம் கேட்டால் பூஜ்யம் என்று சொல்லும். ஆகவே ‘விசைப்பலகை மேலே வந்தால் பொத்தான் மறைகிறதா’, ‘தமிழ் எழுத்து நீண்டு பெட்டிக்கு வெளியே போகிறதா’ போன்ற கேள்விகளை அதனிடம் கேட்கக் கூடாது.

இவற்றுக்கு பிளேரைட். மைக்ரோசாஃப்ட் 2020இல் வெளியிட்டது. குரோமியம், ஃபயர்ஃபாக்ஸ், வெப்கிட் மூன்றிலும் ஓட்டும். நாங்கள் 360 பிக்சல் அகலமும் 640 பிக்சல் உயரமும் உள்ள சிறு திரையில் ஓட்டுகிறோம். இங்கே டெஸ்டுகள் குறைவாகவே இருக்கட்டும், இவை மெதுவானவை. பில் போட்டு அச்சுப் பக்கம் வரை போவது, சிக்னலை அறுத்துவிட்டுப் பில் போட்டு மறுபடி சிக்னல் கொடுப்பது, பழைய பில்லைத் தேடி எடுப்பது. மண்டி ஒருநாள் ஓடுவதற்கு இன்றியமையாத பாதைகள் மட்டும். கமிஷன் கணக்கின் ஒவ்வொரு கோணத்தையும் இங்கே சோதிக்க வேண்டாம், அதை முன்பு சொன்ன சின்ன டெஸ்டுகள் ஒரு நொடியில் பார்த்துவிட்டன. விசைப்பலகை எழும்போது திரை சுருங்குவதை மட்டும் நிஜ போனில்தான் நான் பார்க்கிறேன்.

முழுப் பக்கத்தின் எச்டிஎம்எல்லையும் படம்பிடித்து வைத்து ஒப்பிடும் ஸ்னாப்ஷாட் டெஸ்டுகள் எனக்குப் பிடிக்காது. ஒரு சொல் மாறினாலும் சிவப்பாகும். பிள்ளைகள் படிக்காமலே ‘புதுப்பி’ என்று அடித்துவிடுவார்கள். கவரேஜ் சதவீதத்தையும் குறிக்கோளாக வைக்காதீர்கள். எந்த வரி ஓடியது என்றுதான் அது சொல்லும், விடை சரியா என்று யாராவது பார்த்தார்களா என்பதைச் சொல்லாது. எந்தக் கோப்பை யாரும் தொடவே இல்லை என்று கண்டுபிடிக்க மட்டும் அதைத் திறந்து பார்க்கிறேன்.

ஒரு டெஸ்ட் சிவப்பாவதைக் கண்ணால் பார்க்காமல் அதை நம்பாதீர்கள். எழுதி முடித்ததும் நிரலில் வேண்டுமென்றே ஒரு தப்பைப் போடுங்கள்: 10 சதவீதத்தை 11 ஆக்குங்கள், கழித்தலைக் கூட்டலாக்குங்கள். டெஸ்ட் பச்சையாகவே இருந்தால் அது ஒன்றையும் காக்கவில்லை. என்னிடம் பழகும் பிள்ளைகள் டெஸ்ட் எழுதிக் காட்டும்போது நான் முதலில் செய்வது இதுதான்.

டெஸ்டே இல்லாத பழைய நிரல் கைக்கு வந்தால்

எல்லாவற்றுக்கும் டெஸ்ட் எழுதிவிட்டுத்தான் தொடுவேன் என்று உட்கார வேண்டாம், முடியவே முடியாது. புகார் வரும் இடத்தில் தொடங்குங்கள். புகார் சொன்னவரின் சொற்களிலேயே டெஸ்டின் பெயர், அது சிவப்பாவதைப் பார்த்துவிட்டுத் திருத்தம்.

பணம் சம்பந்தப்பட்ட இடத்துக்கு மட்டும் புகாருக்குக் காத்திருக்கக் கூடாது. நான் மண்டியின் பழைய பில் புத்தகத்தை வாங்கி, பெயர்களை மாற்றிவிட்டு, எடை, விலை, கழிவுகள், கடைசித் தொகை எல்லாவற்றையும் ஒரு கோப்பில் ஏற்றினேன். அதை அப்படியே பழைய ஃபங்ஷனுக்குக் கொடுத்து, காகிதத்தில் உள்ள தொகையோடு ஒப்பிட்டேன். பெரும்பாலானவை ஒத்துப்போயின. ஒத்துப்போகாதவை எல்லாம் கடைசி வரியில் ஒரு ரூபாய் வித்தியாசம். கையால் எழுதும்போது முழு ரூபாயாக்கி எழுதியிருக்கிறார்கள், பழைய நிரலில் சில்லறையை அப்படியே வெட்டிவிட்டிருந்தார்கள். எது சரி என்று நிரலைப் பார்த்துச் சொல்ல முடியாது, அண்ணாச்சியைத்தான் கேட்க வேண்டும். “அம்பது காசும் அதுக்கு மேலயும் இருந்தா ஒரு ரூவாயா போட்டுருமா, வெவசாயி கையில குறையக் கூடாது” என்றார். அந்த வாக்கியமே டெஸ்டின் பெயராயிற்று.

முழுமையாக்கும்போது முன்பணம் மிஞ்சி, விவசாயி திருப்பித் தர வேண்டிய நிலையையும் சோதியுங்கள். ஜாவாஸ்கிரிப்டின் மேத்-ரவுண்ட் 250.5ஐ 251 ஆக்கும், கழித்தல் 250.5ஐக் கழித்தல் 250 ஆக்கும். எங்களுக்கு அது விவசாயிக்குச் சாதகமாகவே அமைந்தது, உங்கள் வேலையில் அப்படி இருக்க வேண்டும் என்று இல்லை. கழித்தல் 40 பைசாவை முழு ரூபாயாக்கினால் கழித்தல் பூஜ்யம் என்ற எண் வரும், இன்ட்ல் அதைக் கழித்தல் குறியோடே பில்லில் அச்சிடும். விடெஸ்டில் விடையை ஒப்பிடும் டு-பீ அதைச் சாதாரணப் பூஜ்யத்திலிருந்து பிரித்துப் பார்க்கும், அதனால் இந்தப் பிழை தானாகவே மாட்டிக்கொள்ளும்.

இப்போது அண்ணாச்சி கமிஷனை ரகத்துக்கு ஒன்றாக மாற்ற வேண்டும் என்கிறார்: ஏத்தனுக்கு ஒரு விகிதம், செந்துளுவனுக்கும் மட்டிக்கும் வேறு. நிரல் இன்னும் ஒரு வரிகூட எழுதவில்லை. விடெஸ்டில் டெஸ்டின் பெயரை மட்டும் எழுதி, உள்ளே ஒன்றும் எழுதாமல் ‘செய்ய வேண்டியது’ என்று குறித்து வைக்க ஒரு வழி உண்டு. பிள்ளைகள் இருவரும் அப்படி ஒரு பட்டியல் எழுதியிருக்கிறார்கள். ஒரே பில்லில் இரண்டு ரகம் வந்தால் என்ன, ரகம் குறிக்காமல் விட்டால் எந்த விகிதம், மாற்றத்துக்கு முன் போட்ட பில்லைத் திறந்தால் பழைய விகிதமே நிற்குமா என்று கேள்விகள் அதில் இருக்கின்றன. அதை அண்ணாச்சியிடம் வாசித்துக் காட்டிப் பதில் வாங்கிய பிறகு முதல் வரியைத் தொடுவோம்.